கடிக்க முடியாத சரக்கு

யாழ்ப்பாணத்துக் குருநகர் லியோன் வலை வாங்கப் போனால் கடைக்காரருக்கு அன்றைக்கு வேறு வியாபாரம் இல்லை. முதலில் நூலை இழுப்பார். பிறகு முடிச்சை நகத்தால் கிளறுவார். பிறகு ஒரு வாளித் தண்ணீர் கேட்டு நனைப்பார். கடைசியில் ஒரு நூலைப் பல்லில் வைத்துக் கடிப்பார். கடைக்காரர் ஒன்றுவிட்ட சகோதரனாக இருந்தாலும் கடிப்பார். சொந்தம் வேறு, நைலோன் வேறு. இப்படிக் கடித்துக் கடித்தே ஒரு படகைப் பல படகுகளாக்கி, அந்தப் படகுகளை நண்டும் இறாலும் பதனிட்டு ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பனியாக்கினார். வாசலில் ‘லியோன் அன் சன்ஸ்’ என்று பெயர்ப்பலகை. பலகை எழுதியபோது அவருக்குக் கலியாணமே ஆகவில்லை. பிறகு பிறந்தது ஒரே ஒரு மகள்.

அந்த மகள் சிசிலியாதான் இப்போது கம்பனியை நடத்துகிறாள். கொழும்பில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் கொள்வனவுப் பிரிவில் சில வருடம் வேலை செய்து, எதையும் வாங்குவதற்கு முன் கேள்வி கேட்கிற கெட்ட பழக்கத்தோடு ஊருக்குத் திரும்பியவள்.

கம்பனியின் உயிர் சிங்கப்பூர் ஓடரில் இருந்தது. நண்டுச் சதை மைனஸ் பதினெட்டில் இருக்கவேண்டும் என்பது ஒப்பந்தம். இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி, குளிரறைக் கதவில் தொங்கிய ஒரு தாள். கொள்வனவாளரின் கொழும்பு அலுவலர் றொகான் ஒருநாள் வந்து தாளைப் பார்த்தார். எல்லா வரியிலும் மைனஸ் பதினெட்டு. நாளைக்கும் மைனஸ் பதினெட்டு. நாளை மறுநாளும் அப்படியே. எழுதினவர் ஒரேயடியாக மாதக் கடைசி வரைக்கும் எழுதி முடித்திருந்தார்.

றொகான் சிரிக்கவில்லை. தானே அளந்து தானே பதிகிற கருவிகளை அறைக்குள் வைத்து, மூன்று மாதப் பதிவைக் காட்டவேண்டும் என்றார். காட்டாவிட்டால் ஓடர் மன்னாரில் உள்ள ஒரு கம்பனிக்குப் போகும்.

சிசிலியாவுக்கு அப்போதுதான் மன்னாரில் மாப்பிள்ளை பேசி முடிந்திருந்தது. “மகளும் மன்னாருக்கு, ஓடரும் மன்னாருக்கோ?” என்றார் லியோன். “சீதனம் அவ்வளவு நான் பேசேல்லையே!”

சிசிலியா கொழும்பிலிருந்து கருவி விற்பவர்களை அழைத்தாள். வந்தவர்களில் ஒருவர் நல்ல பேச்சாளர். குளிரறையில் வைக்கலாம், கேற்றில் வைக்கலாம், தண்ணீர்த் தாங்கியில் வைக்கலாம், ஐயா இருக்கிற கதிரையில்கூட வைக்கலாம் என்றார்.

“எங்களுக்குத் தெரியவேண்டியது ஒண்டுதான். குளிர் இருக்கோ இல்லையோ எண்டது,” என்றாள் சிசிலியா. “இல்லாட்டி என்ன நடக்கும்?”

“மணி அடிக்கும், மிஸ்.”

“அடிச்சால்?”

“அடிச்சுக்கொண்டே இருக்கும்.”

அவர் போனபிறகு லியோன் வாய் திறந்தார். “கொழும்பு ஆக்களோடை ஏன் பிள்ளை மினைக்கெடுறாய்? கத்தரீனா அக்கான்ரை பெடியன் ஜெரிசன் ரொறன்ரோவிலை உந்த வேலைதானே செய்யிறான். கடைகளின்ரை ஐஸ்பெட்டியளுக்கு உதைத்தானே பூட்டுறான்.”

“நல்லது அப்பா. அவனும் ஒரு விலைச்சிட்டை அனுப்பட்டும். மற்ற ஆக்களின்ரையோடை வைச்சுப் பாப்பம்.”

“அக்கான்ரை மகனிட்டை, சொந்த மருமகனிட்டை விலைச்சிட்டையோ? வெக்கக்கேடு.”

“பதிவு ஆரின்ரை பேரிலை இருக்கும்? நாளைக்குப் பிரிஞ்சால் அதை ஆர் எங்களுக்குத் தாறது?”

“கலியாணத்துக்கு நாள் வைக்க முதலே விவாகரத்துக் கேக்கிறியோ? அவன் எங்கடை ஆளடி.”

லியோனை மடையர் என்று சொல்ல வரவில்லை. சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. இழுத்துப் பார்க்க நூல் இல்லை, கிளறிப் பார்க்க முடிச்சு இல்லை, நனைத்தால் பழுதாகிவிடும் என்கிறார்கள். கடிக்க முடியாத சரக்கை ஆளைக் கடித்துத்தான் வாங்கவேண்டும். அறியாத ஆளைக் கடிப்பதிலும் பார்க்க அறிந்த ஆள் நல்லது என்று நினைத்தார். அதில் பாதி நியாயம் இருந்தது. மீதிப் பாதிதான் பிறகு விலை கேட்டது.

ஜெரிசன் முறையான பெடியன். நியாயமான ஒரு விலை சொன்னான். மாமன் அதை அன்பாகப் பேசிப் பேசிக் குறைத்து, கடைசியில் ‘சும்மா’ என்ற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு பக்கத்தில் ஓர் ஒப்பந்தமும் எழுதி அனுப்பினான். “மருமகனுக்குக் கையெழுத்து வைச்சால் ஊர் சிரிக்கும்,” என்று சொல்லி லியோன் அதை மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்குக் கீழே வைத்தார். மேசை ஆட்டம் நின்றது. ஒப்பந்தத்தால் அந்தளவு பலன் கிடைத்தது.

பெட்டிகள் ஊருக்கு வந்த உறவினர் ஒருவரின் பயணப்பொதியில் சொக்லேற்றோடு சேர்ந்து வந்து இறங்கின. திறமாக வேலை செய்தன. குளிரறைக் கதவை யாராவது திறந்துவிட்டுப் போனால் மணி ரொறன்ரோவில் அடிக்கும். ஜெரிசன் எழும்பி மாமனுக்கு அழைப்பான். “மாமா, கதவு திறந்து கிடக்கு.” லியோன் குருநகர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்: “கனடாவிலை இருந்து என்ரை கதவைச் சாத்துறான்!” அலாரம் இங்கே யாருக்காவது வரட்டும் என்று சிசிலியா கேட்டாள். பதிவைத் தன் கணினியில் எடுத்து வைக்கவேணும் என்றும் கேட்டாள். “அவன் முழிச்சிருக்கேக்கை நீ ஏன் முழிச்சிருக்கிறாய்?” என்று கேட்டார் தகப்பன். கலியாண வேலையும் நண்டுக்காலமும் ஒன்றாக வந்து அவளை இழுத்துக்கொண்டு போயின.

கலியாணத்துக்கு அழைப்பதென்றால் அங்கே ஒரு முறை உண்டு. அழைப்புக் காட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், இருந்து, ஏதாவது வாயில் போட்டு, வாயால் சொல்லவேண்டும். தூரத்து ஆட்களுக்குக் காட் தபாலில் போயிற்று. மன்னாருக்குக் காரில் போயிற்று. லியோனின் சொந்த அக்கா கத்தரீனா பக்கத்துப் பாசையூரில் இருக்கிறா. பக்கத்தில்தானே, பிறகு போகலாம் என்று பிந்தியது. இதற்கிடையில் காட்டின் அழகில் மயங்கிய லியோன் அதைப் படம் பிடித்துக் குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் போட்டார். அவுஸ்திரேலியாவில் இருக்கிற பெறாமகள் பார்த்த அதே நேரத்தில் அக்காவும் பார்த்தா. பார்த்துவிட்டுக் குறூப்பை விட்டு வெளியேறினா. அதை லியோன் கவனிக்கவில்லை. ரொறன்ரோவிலிருந்து அழைப்பு வருவது நின்றதையும், கதவு திருந்திவிட்டது என்று எடுத்துக்கொண்டார்.

மூன்று மாதம் முடிந்து வெள்ளிக்கிழமை றொகான் வருகிறார். சிசிலியா திங்கட்கிழமை பதிவை அச்செடுக்கத் திறந்தாள். கடவுச்சொல் பிழை என்றது. திரும்ப அடித்தாள். அப்போதும் பிழை.

ஜெரிசனுக்கு அழைத்தாள்.

“மச்சாள், என்னிலை கோவிக்காதேங்கோ. ‘படத்திலை கலியாணம் சொல்லுறவன்ரை அறையிலை உனக்கென்ன பார்வை’ எண்டு அம்மா கேட்டவா. பூட்டிப்போட்டன்.”

“ஜெரி, அது எங்கடை பதிவு.”

“எந்தத் தாளிலை அப்பிடிக் கிடக்கு? நான் ஒரு தாள் அனுப்பினனான். மாமா அதை என்ன செய்தவர் எண்டு கேளுங்கோ.”

கேட்கத் தேவையில்லை. அவளுடைய முழங்கை அந்த மேசையில்தான் ஊன்றியிருந்தது.

“இப்ப நான் என்ன செய்ய?”

“அம்மாவோடை கதையுங்கோ. நான் உங்கடை ரெண்டு வீட்டுக்கும் நடுவிலை நிண்டு வாழேலாது.”

அடுத்தநாள் தகப்பனும் மகளும் பாசையூருக்குப் போனார்கள். சிசிலியா காட்டை எடுத்துக்கொண்டாள். லியோன் வெறுங்கையோடு போகப் பயந்து ஒரு பெரிய பாரை மீனை எடுத்துக்கொண்டார்.

கத்தரீனா கருவாட்டு மொத்த வியாபாரி. தம்பியின் பல்லுக்குப் பயப்படுகிற கடைக்காரர்கள் அக்காவின் மூக்குக்குப் பயப்படுவார்கள். முற்றத்தில் கருவாடு பிரட்டிக்கொண்டு நின்றவ நிமிர்ந்து பார்த்தா.

“வாங்கோ. எங்கையோ கண்ட முகமாக் கிடக்கு. ஓ, குறூப்பிலை.”

“அக்கா, இண்டைக்குப் பட்ட பாரை,” என்று லியோன் மீனை நீட்டினார்.

கத்தரீனா செவுளை விரலால் தூக்கிப் பார்த்தா. “இண்டைக்கோ? இது ஞாயித்துக்கிழமைப் பூசைக்கு முந்தியே செத்துப்போச்சு. வை அங்காலை.”

“நீ எங்கடை ஆளெண்டபடியால்தான் அக்கா, கடைசியா ஆறுதலா வந்து சொல்லுவம் எண்டு...”

“எங்கடை ஆள். நல்ல சொல்லு. என்ரை பெடியன் எங்கடை ஆள், அதாலை அவனுக்குக் காசும் இல்லை, கையெழுத்தும் இல்லை. நான் எங்கடை ஆள், அதாலை எனக்குக் காட்டும் இல்லை. உனக்கு எதிரியாப் பிறந்திருந்தாலாவது ஏதும் கிடைச்சிருக்கும் லியோன்.”

சிசிலியா முன்னுக்கு வந்தாள்.

“மாமி, இதிலை ரெண்டு விசயம் கிடக்கு. ஒண்டை மற்றதுக்கு ஈடு வைக்க வேண்டாம்.” காட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். “எனக்குக் கலியாணம். நீங்கள் வந்து முன்னுக்கு நிக்கவேணும். அந்தப் பூட்டுத் திறந்தாலும் நிக்கவேணும், திறக்காட்டிலும் நிக்கவேணும். அப்பா செய்தது பிழை. நானும் வராமல் விட்டது பிழை.”

லியோன் மகளைப் பார்த்த பார்வையை எந்த வியாபாரியும் அறிவான். கையில் இருந்த ஒரே துருப்பை விலை பேசாமலே மேசையில் போட்டுவிட்டாளே!

கத்தரீனா உடனே வாங்கவில்லை. கருவாட்டுக் கையைச் சட்டையில் துடைத்தா. போதாதென்று கிணற்றடிக்குப் போய்க் கழுவினா. வந்து வாங்கி, பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தா. “இருங்கோ. தேத்தண்ணி போடுறன்,” என்று உள்ளே போனா. கொஞ்சம் கூட நேரம் எடுத்துத்தான் வெளியே வந்தா.

தேத்தண்ணி குடித்து முடிந்தது. “இனி மற்ற வழக்கு,” என்றா.

“அது வழக்கில்லை மாமி, வியாபாரம். உங்கடை மகனிட்டை நாங்கள் இன்னும் ஒண்டும் வாங்கேல்லை. இரந்திருக்கிறம். இனித்தான் வாங்கப்போறம்.”

கத்தரீனா கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டா. தாயின் முகம் போய், கருவாட்டு மொத்த வியாபாரியின் முகம் வந்திருந்தது. “அப்ப அவனை எழுப்பு.”

ரொறன்ரோவில் விடிகிற நேரம். கைபேசித் திரையில் ஜெரிசன் தலைமயிர் குத்திட்டபடி தோன்றினான். விசயத்தைக் கேட்டதும், “பறவாயில்லை மச்சாள், ஏதும் பாத்துக் குறைச்சு...” என்று தொடங்கினான்.

“நீ வாயை மூடு,” என்றா தாய். “சரக்கு உன்ரை, நாக்கு என்ரை.”

விலை சீக்கிரம் முடிந்தது. கொழும்புக்காரர்களின் விலைச்சிட்டைகளைச் சிசிலியா கொண்டுவந்திருந்தாள். கத்தரீனா அவற்றுக்கு நடுவில் ஒரு இடத்தில் விரலை வைத்து அழுத்தினா. சண்டை நடந்தது விலையில் அல்ல.

“கணக்குக் கம்பனியின்ரை பேரிலை இருக்கவேணும்,” என்றாள் சிசிலியா. “ஒவ்வொரு மாதமும் பதிவின்ரை பிரதி எங்கடை கணினிக்குத் தானா வரவேணும்.”

“கோவம் வந்தால்?”

“வந்தாலும். கோவத்துக்கு மூண்டு மாத முன்னறிவித்தல்.”

“அது கூடப் பிள்ளை. என்ரை கோவம் அவ்வளவு காலம் நிக்காது. ஒண்டு.”

“ரெண்டு, மாமி. வேறை கருவி தேடி எடுக்கிறதுக்கு எங்களுக்கு ரெண்டாவது வேணும்.”

“சரி, ரெண்டு. எழுது.”

“பதிவிலை யாழ்ப்பாண நேரம் இருக்கவேணும். இப்ப ரொறன்ரோ நேரம் கிடக்கு. பாக்கிறவன் நாங்கள் சாமத்திலை லொறி ஏத்துறம் எண்டு நினைப்பான்.”

“அது மாத்தலாம்,” என்றான் ஜெரிசன்.

கத்தரீனா திரையைத் தன் பக்கம் திருப்பினா. “தம்பி, நீ விக்கிற சாமானைப் பற்றி நானும் ஒண்டு கேக்கவேணும். இஞ்சத்தை உப்புக்காத்திலை இந்தப் பெட்டி எத்தினை மாரி தாக்குப்பிடிக்கும்?”

ஜெரிசன் தலையைச் சொறிந்தான். “அதம்மா... இஞ்சை கடைக்குள்ளை உப்புக்காத்து இல்லை. கதவடியிலை இருக்கிற ஒரு பெட்டி இப்பவே கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் கிடக்கு.”

“பாத்தியோ! என்ரை மகன் எண்டாலும் பொய் சொல்லமாட்டான்,” என்று தாய் சொன்னா. அது பெருமையா, விற்பனைக்கு வந்த சேதத்துக்குக் கவலையா என்று பிரித்தறிய முடியவில்லை. மேலதிகப் பெட்டிகள் எப்போதும் குருநகரில் இருப்பில் இருக்கவேண்டும் என்றும், அதற்குக் கம்பனி விலை தரவேண்டும் என்றும் எழுதினார்கள்.

“மணி எனக்கு அடிக்கிறதையும் நிப்பாட்டுங்கோ,” என்றான் ஜெரிசன். “நான் நித்திரை கொண்டு கனகாலம்.”

அப்போதுதான் சிசிலியா, வந்ததிலிருந்து தொண்டைக்குள் வைத்திருந்த கேள்வியைக் கேட்டாள். “ஜெரி, பூட்டின நாளிலை இருந்து பதிவு இருக்கோ, இல்லாட்டி அறுந்துபோச்சோ?”

“இருக்கு. நான் உங்கடை கண்ணைத்தான் பொத்தினனான். பெட்டி தன்ரை பாட்டிலை எழுதிக்கொண்டுதான் கிடக்கு.”

லியோன் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

“ஆனால் ஒரு மேடு இருக்கு மாமா. ஒருநாள் பின்னேரம் கதவு திறந்தபடி. மைனஸ் பத்துக்கு வந்திட்டுது. உங்களோடை கதைக்கேலாதே, அதாலை அம்மாவுக்கு எடுத்தனான்.”

“நானும் உன்னோடை கதைக்கேலாது,” என்றா கத்தரீனா தம்பியைப் பார்க்காமல். “செபஸ்தியம்மாவுக்குப் போன் போட்டு, ஓடிப்போய்ச் சாத்தச் சொன்னனான்.”

செபஸ்தியம்மா நண்டு உடைக்கிற பெண்களுக்குத் தலைவி. ஒருநாள் பின்னேரம் அவ கத்தியையும் நண்டையும் போட்டுவிட்டுத் தலைதெறிக்க ஓடியதை லியோன் கண்டவர்தான். பேய் பிடித்துவிட்டதாக்கும் என்று நினைத்திருந்தார்.

“அக்கா,” என்று தொடங்கினார். பிறகு பேச்சை மாற்றித் திரையைப் பார்த்தார். “தம்பி, அந்த மேட்டைக் கொஞ்சம் தட்டிச் சமப்படுத்தேலாதோ?”

“அழிக்கிற பதிவு வாங்கவோ இவ்வளவு பாடு?” என்றா கத்தரீனா. “அதுக்குப் பழைய தாளும் பேனையும் போதுமே லியோன்.”

அன்று இரண்டு பக்கத்திலும் கையெழுத்து விழுந்தது. பூட்டுத் திறந்தது.

வெள்ளிக்கிழமை றொகான் பதிவைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்தார். விரல் நகர்ந்துகொண்டே போய், மேட்டில் நின்றது. லியோன் கூரையில் ஏதோ முக்கியமானதைக் கண்டதுபோல அண்ணாந்தார்.

சிசிலியா நடந்ததைச் சொன்னாள். சாமான் ஏற்றும்போது கதவைச் சாத்த மறந்தது. மணி ரொறன்ரோவில் அடித்தது. ரொறன்ரோ பாசையூருக்குச் சொன்னது. பாசையூர் குருநகருக்குச் சொன்னது. குருநகர் ஓடிப்போய்ச் சாத்தியது. சரக்கின் உள்வெப்பத்தைச் செபஸ்தியம்மா உடனே அளந்து பார்த்தா, உருகவில்லை. மேல்வரிசைப் பெட்டிகளை மட்டும் அவ அப்போதே தனியே எடுத்து வைத்தா; விசயம் தெரிந்ததும் அவற்றை உள்ளூரில் விற்றார்கள். சிங்கப்பூருக்கு அவை போகவில்லை.

“இந்தப் பாசையூர் யாரு? உங்க ஸ்ராஃபா?”

“அப்பான்ரை அக்கா. அந்த நேரம் எங்களோடை கோவம்.”

“கோவத்திலயும் போன் பண்ணினாங்களா?”

“எங்களுக்கு இல்லை. செபஸ்தியம்மாவுக்கு.”

றொகான் முதல்முறையாகச் சிரித்தார். பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டு, மேடு இருப்பதில் தனக்குப் பிரச்சினை இல்லை, மேட்டுக்குப் பிறகு யாரோ ஓடியிருக்கிறார்கள், அதுதான் வேண்டும் என்றார். ஓடர் குருநகரிலேயே இருக்கும். ஆனால் ஒரு நிபந்தனை. மணி அடித்தால் எடுக்கிற ஆள் கம்பனியின் ஆளாக, பெயரோடும் சம்பளத்தோடும் எழுத்தில் இருக்கவேண்டும். சொந்தக்காரரின் நல்ல மனதை நம்பித் தன்னால் நண்டு வாங்க முடியாது.

அவர் போனபிறகு தகப்பனும் மகளும் ஆளைப் பற்றி யோசித்தார்கள். லியோனின் கைபேசி எந்நேரமும் பேச்சில் இருக்கும். சிசிலியா அரைவாசி நாள் மன்னாரில் இருப்பாள். செபஸ்தியம்மாவின் கை நண்டுக்குள் இருக்கும். யோசித்து முடியும்வரை இருவரும் ஒரே பெயரைத்தான் சொல்லாமல் வைத்திருந்தார்கள்.

கத்தரீனா சம்பளத்துக்கு மட்டும் சம்மதித்துவிடவில்லை. வருடப் போனஸ், ஞாயிறு பூசை நேரத்தில் மணியைச் செபஸ்தியம்மா எடுப்பது, தம்பி தன்னை வேலைக்காரி என்று ஊரில் சொல்லாதிருப்பது, எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டுதான் கையெழுத்து வைத்தா.

கலியாணக் கிழமையில் முதல் மணி அடித்தது. லியோன் குளிரறை வாசலில், ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு, லொறிக்காரர் ஒருவரோடு வாடகை பேசிக்கொண்டு நின்றார். பேச்சு நல்ல சுவையான கட்டத்தில் இருந்தது. லொறிக்காரர் இறங்கப் பார்க்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. சட்டைப்பையில் கைபேசி அடித்தது.

“லியோன், கதவடியிலை நிக்கிறது ஆர்?”

“நான்தான் அக்கா. ஒரு நிமிசம். ஆள் இறங்கிற நேரம்...”

“நீ அவனை இறக்கிறதுக்கிடையிலை என்ரை குளிர் ஏறுது. மைனஸ் பதினாலு. வெளியிலை வா.”

“அக்கா, இந்த ஒரு வாக்கு மட்டும்...”

“மைனஸ் பதின்மூண்டு.”

லியோன் வெளியே வந்து, தோளைக் கொடுத்துக் கதவைத் தள்ளிச் சாத்தினார். கொளுக்கியையும் போட்டார். திரும்பியபோது, கிடைத்த அவகாசத்தில் நன்றாக யோசித்த லொறிக்காரர் வாடகையை ஏற்றியிருந்தார்.